புதன்கிழமைக் காலையில் வரும் அப்டேட்

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரையின் நேரப்படி காலை 10 மணிக்கு, விண்டோஸுக்கான பாதுகாப்பு அப்டேட்டை வெளியிடுகிறது. 2003 அக்டோபரில் தொடங்கிய வழக்கம் இது. அங்கே காலை 10 என்றால் இங்கே இரவு 10.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 11.30. ஆகவே நம் ஊர்க் கணினிகள் அதை எதிர்கொள்வது பெரும்பாலும் புதன்கிழமை காலையில், கடையையோ அலுவலகத்தையோ திறந்து சுவிட்சைப் போட்ட பிறகுதான். மாதம் புதன்கிழமையில் பிறந்தால் அது மூன்றாவது புதன். மற்ற மாதங்களில் இரண்டாவது புதன். இந்த நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். "திடீர்னு பிரிண்டர் வேலை செய்யலை", "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று நாம் சொல்லும் தொல்லைகளில் பல இந்தப் புதனுக்கு அக்கம்பக்கத்தில் தொடங்கியவையாக இருக்கும்.

தேதி தெரிந்தால் பாதிக் காரணம் தெரிந்த மாதிரி. மீதிப் பாதியைச் சொல்வது பதிப்பு எண். அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வதும், படித்த பிறகே கணினியில் கைவைப்பதும்தான் இந்த அத்தியாயத்தின் பாடம். பழுதுபார்க்கும் கடைகளில் "ஃபார்மட் போட்டுடலாம் சார்" என்ற வாக்கியம் மிகச் சுலபமாக வந்துவிடுகிறது. அப்டேட்டால் வந்த கோளாறுக்கு அது கடைசி மருந்தாக இருக்க வேண்டும். முதல் மருந்தாகத் தருவதை நான் ஏற்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எண்ணை எங்கே பார்ப்பது

விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் டபிள்யூ, ஐ, என், வி, ஈ, ஆர் என்ற ஆறு எழுத்துகளை (வின்வெர்) அடித்து என்டர் தட்டுங்கள். சிறிய சன்னல் ஒன்று திறக்கும். அதில் 'வெர்ஷன் 23எச்2, ஓஎஸ் பில்ட் 22631.4317' என்பதுபோல ஒரு வரி இருக்கும். இந்த வரியைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோளாறு வந்தாலும் உங்கள் முதல் வேலை இதுதான்.

இந்த வரியைப் பிரித்துப் படிப்போம். 23 என்பது 2023ஆம் ஆண்டு. எச்2 என்றால் அந்த ஆண்டின் இரண்டாம் பாதி. இது விண்டோஸின் ஆண்டுப் பதிப்பு. 22631 என்பது பில்ட் எண், அதாவது மென்பொருளின் எந்தக் கட்டுமானம் உங்கள் கணினியில் உட்கார்ந்திருக்கிறது என்பது. புள்ளிக்குப் பின்னால் வரும் 4317தான் மாதந்தோறும் மாறுவது. இந்த உதாரணத்தில் உள்ள எண் 2024 அக்டோபர் மாதத்து அப்டேட்டைக் காட்டுகிறது. அந்த அப்டேட்டுக்கு கேபி5044285 என்று தனிப்பெயரும் உண்டு. கேபி எண் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் உள்ள பதிவெண். அதைத் தேடுபொறியில் போட்டால் அந்த அப்டேட்டில் என்ன மாறியது, அதில் என்ன கோளாறு இருப்பதாக நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பவை ஒரே பக்கத்தில் கிடைக்கும். "விண்டோஸ் 11ல் பிரச்சினை" என்று தேடுகிறவருக்கு ஆயிரம் பதில்கள் வரும். கேபி எண்ணோடு தேடுகிறவருக்குத் தன் பதில் வரும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். விண்டோஸ் 11 போட்ட கணினியிலும் கமாண்ட் பிராம்ப்ட் சன்னலின் முதல் வரியில் 10.0 என்றே தொடங்கும் எண் இருக்கும். கடைக்காரர் பழையதைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று சந்தேகப்பட வேண்டாம். விண்டோஸின் உள் எண் வேறு, விற்பனைப் பெயர் வேறு. எக்ஸ்பி உள்ளுக்குள் 5.1, விஸ்டா 6.0, விண்டோஸ் 7 என்று விற்கப்பட்டது 6.1, விண்டோஸ் 8 வந்தது 6.2 ஆக. பழைய மென்பொருள்கள் இந்த எண்ணைச் சோதித்துப் பார்த்துத்தான் ஓடும் என்பதால் அதை அடிக்கடி உயர்த்தினால் அவை நின்றுபோகும். 2015ல் விண்டோஸ் 10 வந்தபோது உள் எண்ணும் 10.0 ஆயிற்று; 11 வந்தும் அது மாறவில்லை. அடையாளம் காண எளிய வழி பில்ட் எண். 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் உங்களிடம் இருப்பது விண்டோஸ் 11. விண்டோஸ் 10ன் கடைசிப் பதிப்பான 22எச்2ன் பில்ட் எண் 19045.

மற்ற இயங்குதளங்களை விரைவாகப் பார்த்துவிடலாம். உபுண்டு லினக்ஸின் எண் ஆண்டும் மாதமும்தான்: 24.04 என்றால் 2024 ஏப்ரல். ஆப்பிளின் மேக் இயங்குதளம் 2001 முதல் 10.0, 10.1 என்று நடந்து, 2020ல் 11க்குத் தாவி, 2024ல் 15க்கு வந்து, 2025ல் ஒரேயடியாக 26 ஆகிவிட்டது. வரப்போகும் ஆண்டின் எண்ணையே பெயராக வைக்கத் தொடங்கிவிட்டார்கள். இடையில் பத்துப் பதிப்புகளைத் தவறவிட்டோமோ என்று யாரும் தேட வேண்டியதில்லை. லினக்ஸ் கெர்னலில் 2.6.39க்கு அடுத்து 2011ல் 3.0 வந்தது, பெரிய மாற்றம் எதுவும் இல்லை, எண்ணிக்கை நீண்டுவிட்டது என்பதே லினஸ் டோர்வால்ட்ஸ் சொன்ன காரணம். ஆகவே முதல் எண் பெரிதாக மாறியதால் உள்ளே பெரிதாக மாறியிருக்கும் என்று முடிவுகட்டாதீர்கள். இன்னொன்று: பதிப்பு எண்ணில் வரும் புள்ளி தசமப் புள்ளி அல்ல. மேக்கில் 10.9க்கு அடுத்து வந்தது 10.10. அது 10.1ஐவிடப் பல ஆண்டுகள் புதியது. புள்ளிக்கு இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் இன்னோர் எண் என்று தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

மூன்று வகை அப்டேட்

விண்டோஸில் மாத அப்டேட், முன்னோட்ட அப்டேட், ஆண்டு அப்டேட் என்று மூன்று வகை. மூன்றையும் ஒரே மாதிரி நடத்துவதால்தான் பலர் அவதிப்படுகிறார்கள்.

மாத அப்டேட் பாதுகாப்புக்கானது. அதைத் தள்ளிப்போடாதீர்கள். மிஞ்சிப்போனால் மூன்று நான்கு நாள் பொறுக்கலாம். அதற்குள் பெரிய கோளாறு இருந்தால் செய்தி வந்துவிடும். இவை திரள் அப்டேட்டுகள்: இந்த மாதத்தைப் போட்டால் முந்தைய மாதங்களும் சேர்ந்தே வந்துவிடும். ஆறு மாதம் அணைத்து வைத்திருந்த கணினிக்கும் வரிசையாக ஆறு அப்டேட் தேடிப் போட வேண்டியதில்லை.

மாத இறுதியை ஒட்டி 'ப்ரிவ்யூ' என்ற சொல்லோடு வருவது முன்னோட்டம். அடுத்த மாத அப்டேட்டில் வரவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே தருகிறார்கள். உங்களுக்குத் தொல்லை தரும் ஒரு பிழையை அது சரிசெய்வதாக எழுதியிருந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'புதிய அப்டேட்டுகளைக் கிடைத்தவுடன் தரவும்' என்ற பொருளில் ஒரு சுவிட்ச் உண்டு. வேலைக்கு வைத்திருக்கும் கணினியில் அது அணைந்தே இருக்கட்டும்.

ஆண்டு அப்டேட் பெரியது. 2018 அக்டோபர் 2ல் விண்டோஸ் 10ன் 1809 பதிப்பு வெளியானது. அதை உடனே போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளில் இருந்த கோப்புகளே அழிந்துபோயின. சில நாளிலேயே விநியோகத்தை நிறுத்தி, திருத்தி, நவம்பர் 13ல்தான் மறுபடி விட்டார்கள். ஆண்டு அப்டேட்டுக்கு ஒன்றிரண்டு மாதம் பொறுப்பது நல்லது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அவசரமும் இல்லை: விண்டோஸ் 11ன் ஹோம், ப்ரோ வகைகளில் ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் 24 மாதம் ஆதரவு உண்டு.

போடும் முன்

சி டிரைவில் தாராளமாக இடம் இருக்கட்டும். மாத அப்டேட்டுக்கே 10 ஜிபியாவது காலியாக இருப்பது நல்லது. மடிக்கணினியை சார்ஜரில் போடுங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் பகுதியில் மேசைக் கணினியை யுபிஎஸ் இல்லாமல் அப்டேட்டுக்கு விடாதீர்கள். முக்கியக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுங்கள். விண்டோஸில் 'ரெஸ்டோர் பாயின்ட்' என்ற வசதி உண்டு. பல கணினிகளில் அது அணைந்தே கிடக்கும். தேடல் பெட்டியில் அந்தப் பெயரை அடித்தால் வரும் சன்னலில் சி டிரைவுக்கு அதை இயக்கிவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது பிட்லாக்கர் மீட்புக் குறியீடு. இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனேயே டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. உரிமையாளருக்கே அது தெரியாது. ஏதோ ஒரு காலையில் நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கும்போதுதான் தெரியும். அந்த எண் இல்லாவிட்டால் டிஸ்கில் இருப்பதை எவராலும் திறக்க முடியாது. தயாரித்த நிறுவனத்தாலும் முடியாது. கணினி நன்றாக இருக்கும் இன்றைக்கே, உலாவியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் அந்த எண்ணைக் கண்டுபிடித்து, தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

அப்டேட் ஏற மறுத்தால்

திரையில் 0எக்ஸ் என்று தொடங்கும் பிழை எண் வரும். அதையும் படம் எடுங்கள். 80070070 என்று முடிந்தால் இடம் போதவில்லை. 80072ஈஈ2 என்றால் இணைப்பு பாதியில் அறுந்தது. கைபேசி ஹாட்ஸ்பாட்டை விட்டு வேறு இணைப்பில் முயலுங்கள். 800எஃப்081எஃப், 80073712 ஆகியவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பழுதாகியிருப்பதைச் சொல்பவை.

பிழை எண் எப்போதும் உண்மையைச் சொல்லும் என்றும் நம்பிவிடக் கூடாது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த கேபி5034441 பல கணினிகளில் 80070643 என்ற எண்ணோடு தோற்றது. அந்த எண்ணுக்குப் பொருள் 'நிறுவுதல் தோல்வி' என்பது மட்டுமே. உண்மைக் காரணம் வேறு: அந்த அப்டேட்டுக்கு, கண்ணுக்குத் தெரியாத மீட்புப் பகுதியில் 250 எம்பி காலியிடம் தேவைப்பட்டது. சி டிரைவில் 100 ஜிபி காலியாகக் கிடந்தாலும் பயனில்லை. பிழை எண்ணை மட்டும் வைத்துத் தேடியவர்கள் வேறு வேறு மருந்துகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேபி எண்ணைச் சேர்த்துத் தேடியவர்களுக்கு விளக்கம் கிடைத்தது. இரண்டு எண்ணையும் சேர்த்தே தேடுங்கள்.

பொதுவான வைத்தியம் இந்த வரிசையில் போகட்டும். முதலில் ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது அதற்கு ஈடாகாது. வேகத் தொடக்கம் என்ற வசதியால் விண்டோஸ் ஷட்டவுனில் முழுதாக அணைவதில்லை, ரீஸ்டார்ட்டில்தான் அணைந்து எழுகிறது. அடுத்து, செட்டிங்ஸில் உள்ள ட்ரபிள்ஷூட்டர் பட்டியலில் விண்டோஸ் அப்டேட்டுக்கானதை ஓட விடுங்கள். அதிலும் தீரவில்லை என்றால், சர்வீசஸ் சன்னலில் விண்டோஸ் அப்டேட் என்பதை நிறுத்திவிட்டு, சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் கோப்புறையைத் திறந்து, அதற்குள் இருக்கும் டவுன்லோட் கோப்புறையின் உள்ளடக்கத்தை மட்டும் அழியுங்கள். பாதியில் இறங்கிக் கெட்டுப்போன கோப்புகள் அங்கேதான் கிடக்கும். சர்வீஸை மறுபடி இயக்கிவிட்டு அப்டேட்டைத் தேடச் சொல்லுங்கள்.

கோப்புப் பழுது என்றால் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இரண்டு கட்டளைகள் தர வேண்டும். முதலாவது 'டிஐஎஸ்எம்', அதன் பின்னால் ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரெஸ்டோர்ஹெல்த் ஆகிய மூன்றையும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் இடைவெளியும் சாய்கோடும் போட்டு ஆங்கிலத்தில் அடியுங்கள். இது முடிந்த பிறகு 'எஸ்எஃப்சி', இடைவெளி, சாய்கோடு, 'ஸ்கேன்நவ்'. வரிசையை மாற்றாதீர்கள். முதல் கட்டளை இணையத்திலிருந்து நல்ல கோப்புகளைக் கொண்டுவந்து கிடங்கைச் சரிசெய்கிறது. இரண்டாவது அந்தக் கிடங்கிலிருந்து எடுத்துப் பழுதான இடங்களில் வைக்கிறது. கிடங்கே கெட்டிருக்கும்போது இரண்டாவதை ஓட்டி என்ன பயன்? முதலாவது ஒரே சதவீதத்தில் வெகுநேரம் நிற்கும். பொறுங்கள், மூடிவிடாதீர்கள்.

ஏறிய பிறகு ஏதோ ஒன்று நின்றால்

2021 செப்டம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த மாத அப்டேட்டுக்குப் பிறகு, ஒரு கணினியில் பிரிண்டரை மாட்டி மற்ற கணினிகளுக்குப் பகிர்ந்து பயன்படுத்திய இடங்களில் 0எக்ஸ்0000011பி என்ற பிழை வந்து அச்சு நின்றது. டிடிபி மையங்களும் சிறிய அலுவலகங்களும் பிரிண்டரை இப்படித்தான் வைத்திருக்கும். காரணம் பிரிண்டரிலோ கேபிளிலோ இல்லை. அச்சுப் பணியை அனுப்பும் கணினியும் வாங்கும் கணினியும் ஒன்றையொன்று கடுமையாக அடையாளம் சோதிக்க வேண்டும் என்ற விதியை அந்த அப்டேட் கட்டாயமாக்கியது. ஒன்றில் அப்டேட் ஏறி மற்றதில் ஏறாதிருந்தால் இரண்டும் பேச மறுத்தன. டிரைவரைத் திரும்பத் திரும்ப அழித்துப் போட்டதில் பலன் இல்லை. பகிர்ந்து வேலை செய்யும் கணினிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே அப்டேட் நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றிலும் வின்வெர் பார்த்து, புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.

அப்டேட்டே காரணம் என்று உறுதியானால் அதைக் கழற்றலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அப்டேட் ஹிஸ்டரி, அதன் அடியில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். தேதியும் கேபி எண்ணும் அங்கே வரிசையாக இருக்கும். கழற்றிய கையோடு அதே பக்கத்தில் அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அன்றிரவே திரும்ப ஏறிவிடும். அதிகபட்சம் ஐந்து வாரம் நிறுத்தலாம். அதற்குள் திருத்திய அப்டேட் வந்துவிட வாய்ப்பு உண்டு. ஆண்டு அப்டேட்டாக இருந்தால் ரெகவரி பக்கத்தில் 'கோ பேக்' பொத்தான் பத்து நாள் மட்டும் உயிரோடிருக்கும். அந்தப் பத்து நாளும் விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறையை இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அழித்துவிடாதீர்கள். திரும்பிப் போகும் வழி அதுதான்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். செய்து பார்த்து, பலனை எழுதி, பிறகு அடுத்தது. ஐந்து வைத்தியத்தை ஒன்றாகச் செய்து கணினி சரியானாலும், எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்; அடுத்த மாதம் அதே தொல்லை வந்தால் மறுபடி ஐந்தையும் செய்ய வேண்டியிருக்கும்.

விண்டோஸே எழவில்லை என்றால்

தொடக்கத்தில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை தொடக்கம் தடைபட்டால் மீட்புத் திரை தானாக வரும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய்க் கடைசி அப்டேட்டைக் கழற்றலாம். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக சேஃப் மோடுக்கும் போகலாம்.

2024 ஜூலை 19ல் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விண்டோஸ் அப்டேட் என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் அது கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட். தீர்வு சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழிப்பதுதான். ஆனால் பூட்டப்பட்ட டிஸ்க் உள்ள கணினிகளில் அந்த 48 இலக்க எண் இல்லாமல் சேஃப் மோடுக்கே போக முடியவில்லை. மீட்புக் குறியீட்டை எழுதி வைக்கச் சொன்னதன் பொருள் இதுதான்.

இப்போது ஃபார்மட். அது அப்டேட்டை மட்டும் அழிப்பதில்லை. டாலி, போட்டோஷாப், பிரிண்டர் டிரைவர், டிஜிட்டல் கையொப்ப மென்பொருள் எல்லாம் போகும். தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னோர் இழப்பும் உண்டு: பாமினி போல நாமே சேர்த்த எழுத்துருக்கள் மறைந்துவிடும், பழைய கோப்புகள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். லதா எழுத்துருவும் விண்டோஸ் 10 முதல் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பட்டியலில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்கள் என்ற தலைப்பில் இருக்கும். அதைப் போடாவிட்டால் லதாவில் அடித்த பத்திரங்களில் வரிகள் இடம் மாறி, பக்க எண்ணிக்கையே மாறலாம். விண்டோஸ் 11ன் புதிய பதிப்புகளில், கோப்புகளையும் மென்பொருள்களையும் அப்படியே வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் மறுபடி நிறுவும் பொத்தான் ரெகவரி பக்கத்தில் இருக்கிறது. கடைக்காரர் ஃபார்மட் என்று சொன்னால், முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான இலவச மாத அப்டேட் முடிந்தது. கணினி நின்றுவிடாது, பழையபடி ஓடும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணப்பறிப்பு வைரஸ் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த ஆண்டு மார்ச் 14லேயே வந்திருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். மருந்து வந்து இரண்டு மாதமாகியும் போடாதவை. இனி விண்டோஸ் 10க்குப் போட மருந்தே வராது.

ஓராண்டு தவணை மட்டும் உண்டு. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். எட்டாம் தலைமுறை வந்ததே 2017ல்தான். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் ஆரம்ப ஆண்டுகளில் வந்தவை இந்தத் தகுதிக்குள் வரா. அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் உபுண்டு 24.04 போடலாம், அதற்கு 2029 வரை அப்டேட் வரும். குறைவாக இருந்தால் இலகுவான லுபுண்டு போதும்.

எதுவும் செய்ய முடியாத கணினி என்றால் இணையத்திலிருந்து பிரித்து, தட்டச்சுக்கும் கணக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வங்கிக் கணக்கை மட்டும் திறக்காதீர்கள்.